ஏஏசி கல்லில் எழுப்பிய மாடி: இரண்டு மழைக்காலங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கோவில்பட்டியில் என் தந்தையார் 1998-ஆம் ஆண்டு கட்டிய வீட்டின்மேல் மூன்று அறைகளும் ஒரு குளியலறையும் கொண்ட மாடியை எழுப்ப நாங்கள் தீர்மானித்தபோது, சுவருக்கு எந்தக் கல் என்பதை எங்கள் ஊர் மண்தான் முடிவு செய்தது. கரிசல் பூமி மழையில் உப்பும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணின்மேல் நிற்கும் பழைய அஸ்திவாரத்தை ஒரு மூலையில் தோண்டிப் பார்த்த பொறியாளர், பில்லர்களும் பீம்களும் ஒரு மாடியைத் தாங்கும் என்றும், ஆனாலும் சுவரின் எடையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது நல்லது என்றும் எழுதிக் கொடுத்தார். அதனால் சேம்பர் சூளையில் சுட்ட வழக்கமான செங்கல்லை விட்டுவிட்டு, கடைக்காரர்கள் ‘லைட் வெயிட் பிளாக்’ என்றும் பொறியாளர்கள் ஏஏசி (ஆட்டோகிளேவ்ட் ஏரேட்டட் காங்கிரீட், அதாவது நீராவி அழுத்தத்தில் வேகவைத்த காற்றுத்துளைக் காங்கிரீட்) என்றும் சொல்லும் கல்லுக்கு மாறினோம். வேலை முடிந்து இரண்டு வடகிழக்குப் பருவமழைகளும் இரண்டு கோடைகளும் கடந்துவிட்டதால், இப்போது அதைப் பற்றிக் கொஞ்சம் துணிந்து எழுதலாம் என்று நினைக்கிறேன். கல் நல்ல கல்தான்; ஆனால் செங்கல் கட்டிய கைப்பழக்கத்தோடு அதைக் கட்டினால், மூன்றே மாதத்தில் சுவர் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டுமே நடந்தன.

இந்தக் கல்லின் குணம் முழுவதும் அது உருவாகும் விதத்திலேயே அடங்கியிருக்கிறது. அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பலோடு சிமென்ட், சுண்ணாம்பு, சிறிது ஜிப்சம் ஆகியவற்றைச் சேர்த்து, நீர் விட்டுக் குழம்பாக்கி, அதில் மிகச் சிறிதளவு அலுமினியத் தூளைக் கலக்கிறார்கள். அலுமினியம் அந்தச் சுண்ணாம்புக் குழம்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிட, இட்லி மாவு புளித்துப் பொங்குவதுபோல் குழம்பு அச்சுக்குள் எழும்புகிறது. பாதி இறுகிய நிலையில் அதைக் கம்பியால் அறுத்து, அழுத்தக் கலனுக்குள் 180 டிகிரிக்கும் மேற்பட்ட நீராவியில் பல மணி நேரம் வேகவைத்து எடுக்கிறார்கள். ஸ்வீடன் நாட்டுக் கட்டடக் கலைஞரான யோஹான் ஆக்சல் எரிக்சன் 1920-களில் உருவாக்கிய முறை இது. தூத்துக்குடி அனல் மின் நிலையம் இருக்கும் மாவட்டத்தில் வாழும் எங்களுக்குச் சாம்பல் புதிதன்று. அந்தச் சாம்பலைத் தோளில் தூக்கிச் செல்லும் அளவுக்கு இலேசான கல்லாக்க முடியும் என்பதுதான் புதிது.

எடையைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். நாங்கள் வெளிச்சுவருக்கு வாங்கிய கல் 2 அடி நீளமும் 8 அங்குல உயரமும் 8 அங்குலக் கனமும் உடையது. கன அளவில் ஏறக்குறைய 12 செங்கல்லுக்குச் சமம். ஐ.எஸ். 2185 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதிப்படி, கன மீட்டருக்கு 551 முதல் 650 கிலோ வரை அடர்த்தியுள்ள முதல் தரக் கல், சதுர மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 10 அடிக்கு 10 அடி அளவில் 9 அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால், பூச்சைச் சேர்க்காமலே அது 4 டன்னை எட்டும். அதே அளவில் 8 அங்குல ஏஏசி சுவர் ஒன்றேகால் டன்னைத் தாண்டாது. கதவு, சன்னல் திறப்புகளைக் கழித்தபின் அப்படிப்பட்ட பத்துச் சுவர்களுக்குச் சமமான கட்டுமானம் எங்கள் மாடியில் இருப்பதால், 25 டன்னுக்கு மேற்பட்ட எடை பழைய அஸ்திவாரத்தின்மேல் ஏறாமல் போயிற்று. ஆனால் இதைப் படித்துவிட்டு, பில்லர் இல்லாமல் சுவர்களே தளத்தைத் தாங்கும் பழைய வீட்டின்மேல் இந்தக் கல்லைக் கொண்டு யாரும் தாமாகவே மாடி எழுப்பத் துணிந்துவிடக் கூடாது. பில்லருக்கும் பீமுக்கும் இடைப்பட்ட இடத்தை அடைப்பதுதான் இந்தக் கல்லுக்கு இங்கே பொதுவாகத் தரப்படும் வேலை. தளத்தின் பாரத்தை அதன்மேல் ஏற்றுவது பொறியாளர் கணக்குப் போட்டு முடிவுசெய்ய வேண்டிய வேறு காரியம்.

வாங்கும்போது முதலில் விழிப்பாக இருக்க வேண்டியது பெயரில்தான். ‘லைட் வெயிட்’ என்ற ஒரே பெயரில் இரண்டு கற்கள் விற்கப்படுகின்றன. ஒன்று மேலே சொன்ன நீராவியில் வெந்த கல். மற்றொன்று சிமென்ட் குழம்பில் நுரையைக் கலந்து அச்சில் வார்த்து வெளியில் ஆறவைக்கும் நுரைக் கல். இரண்டாவதற்கு அதே தரநிலையின் நான்காம் பகுதி பொருந்தும். அது மட்டமான சரக்கு என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் நீராவியில் வேகாததால் காயும்போது அது சுருங்கும் அளவு கூடுதல், அதற்கு ஏஏசி விலை கொடுப்பதற்கு நியாயமும் இல்லை. தண்ணீர்த் தொட்டியில் போட்டு மிதக்கவிட்டுக் காட்டுகிற விற்பனையாளர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம், இலேசான நுரைக் கல்லும் மிதக்கும். ஏஏசி கல்லின் முகத்தில் கம்பி அறுத்த மெல்லிய வரிகள் தெரியும். உடைத்துப் பார்த்தால் துளைகள் ஓரத்திலும் நடுவிலும் ஒரே சீராக இருக்கும். எப்படியிருந்தாலும் பில்லோடு பரிசோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் எந்தப் பகுதி எண் இருக்கிறது என்று பார்த்துவிடுவது கண்ணை நம்புவதைவிட மேல்.

லாரி வந்த அன்று வீட்டு எடைமேடையில் மூன்று கற்களை நிறுத்துப் பார்த்தேன். மூன்றும் 17 கிலோவுக்கும் 18 கிலோவுக்கும் இடையில் இருந்தன. கணக்குப்படி உலர்ந்த கல் 15 கிலோவைச் சுற்றித்தான் இருக்க வேண்டும், ஆகவே மீதி எடை அவ்வளவும் ஆலையிலிருந்து கூடவே வந்த ஈரம். பொறியாளர் சொற்படி அடியில் பலகை கொடுத்து அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாயை மூடி, பக்கங்களில் காற்றுப் புக விட்டு மூன்று வாரம் வைத்திருந்தோம். ஆனால் அவசரத்தில் முதல் அறைக்கான கற்களை மட்டும் இறக்கிய மறுநாளே எடுத்துவிட்டோம். அதுவும் பின்னால் வந்த வினைக்கு ஒரு காரணம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மேஸ்திரி முப்பது ஆண்டுகளாகச் செங்கல் கட்டியவர். தூக்குக்குண்டு பிடித்தால் ஒரு நூல்கூடப் பிசகாத கை. மேற்கு ஓரத்து அறையை அவர் தமக்குத் தெரிந்த முறையிலேயே கட்டினார். கற்களை ஓஸ் பைப்பால் சொட்டச் சொட்ட நனைத்தார். நான் தயங்கியபோது, “அண்ணாச்சி, நனையாத கல்லு கலவையைக் குடிச்சிரும், சுவரு நிக்காது” என்றார். செங்கல்லுக்கு அது முற்றிலும் சரியான பேச்சு. ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு மணல் சேர்த்த கலவையை அரை அங்குலக் கனத்தில் போட்டுக் கட்டினார். மேலே பீமின் அடிவயிறு வரை செங்கல் துண்டுகளையும் கலவையையும் இறுக்கி அடைத்தார். ஒரே வாரத்தில் அதே பலமான கலவையால் முக்கால் அங்குலப் பூச்சும் பூசிவிட்டார். பூச்சு முடிந்த பிறகுதான் வந்து பார்த்த பொறியாளர், இந்த அறையை இனி ஒன்றும் செய்வதற்கில்லை, அடுத்த இரண்டு அறைகளையாவது முறையாகக் கட்டுங்கள் என்று சொல்லி, அன்று முழுவதும் மேஸ்திரியுடனேயே நின்றார். ஆகவே ஒரே கல்லும் ஒரே கையும் இருந்தும், கட்டும் முறை மட்டும் மாறிய இரண்டு விதமான சுவர்கள் எங்கள் மாடியில் அமைந்துவிட்டன.

ஐப்பசி மழை தொடங்கியபோது முதல் அறையில் மூன்று இடங்களில் வெடிப்பு தெரிந்தது. பீமுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு கோடும், பில்லரும் சுவரும் சேருமிடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடும், சன்னலின் கீழ் மூலையிலிருந்து படிக்கட்டுப்போல் இறங்கிய ஒரு கோடும் அவை. மற்ற இரண்டு அறைகளில் இன்றுவரை மயிரிழை வெடிப்புகூட இல்லை. காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை: தரநிலைப்படியே முதல் தரக் கல் காயும்போது 0.05 சதவீதம் வரை சுருங்கலாம். 10 அடிச் சுவரில் அது ஒன்றரை மில்லிமீட்டர். ஆலை ஈரத்தோடு வந்த கல்லை மேலும் நனைத்துக் கட்டி, அதன்மேல் கல்லைவிட விறைப்பான பூச்சைப் போட்டு மூடிவிட்டால், உள்ளே கல் சுருங்கும்போது அந்த ஒன்றரை மில்லிமீட்டர் எங்காவது ஓரிடத்தில் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

இரண்டாவது அறையில் செய்தவை பின்வருமாறு. முதல் வரிசையை மட்டும் சிமென்ட் கலவையில் வைத்து, டியூப் மட்டம் பார்த்துச் சீராக்கினார்கள். அந்த ஒரு வரிசை கோணினால் மேலே உள்ள எல்லா வரிசையும் கோணும், ஏனெனில் மேலே சரிசெய்வதற்குக் கலவைக் கனமே இருக்காது. இரண்டாம் வரிசையிலிருந்து, மூட்டையில் வரும் ஒட்டுக்கலவையைப் பல் வைத்த கரண்டியால் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு இழுத்து, ரப்பர் சுத்தியால் தட்டி உட்கார வைத்தார்கள். கல்லின் முகத்தைத் துடைப்பத்தால் தூசு தட்டி, ஈரத்துணியால் துடைப்பதுபோல் இலேசாக மட்டும் நனைத்தார்கள். அரைக் கல் வேண்டியபோது கரண்டியால் கொத்தாமல் ரம்பத்தால் அறுத்தார்கள். சன்னலின் அடிமட்டத்திலும் திறப்புக்கு மேலே வரும் லின்டல் மட்டத்திலும் இரண்டு 8 மி.மீ. கம்பி வைத்து 4 அங்குலக் காங்கிரீட் பெல்ட் சுற்றிலும் ஓடியது. பீமுக்குக் கீழே ஏறக்குறைய அரை அங்குல இடைவெளி விட்டு, பல வாரங்கள் கழித்து, அழுந்திக் கொடுக்கும் நுரையால் அதை அடைத்தார்கள். சுவர் பில்லரையும் பீமையும் தொடும் இடமெங்கும் இரு பக்கமும் சேர்த்து ஓரடி அகலத்துக்குக் கோழிவலை அடித்த பிறகே பூச்சைத் தொட்டார்கள். பூச்சும் ஒன்றுக்கு ஆறு, அரை அங்குலத்துக்கு மேல் இல்லை. கல்லின் முகம் சமமாக இருப்பதால் அதற்குமேல் தேவையும் இல்லை.

முதல் அறை வெடிப்புகளை ஒரு கோடை முழுதும் விட்டுவைத்து, சுவர் காய்ந்து அடங்கியபின் ‘வி’ வடிவில் கீறி, இழுபடும் தன்மையுள்ள நிரப்பியால் அடைத்து, மேலே கண்ணாடியிழை வலைப் பட்டை ஒட்டிப் பட்டி பார்த்தோம். பீம் அடியும் பில்லர் ஓரமும் அடங்கிவிட்டன. சன்னல் மூலையில் இறங்கிய படிக்கட்டுக் கோடு மட்டும் இரண்டாவது மழையில் மெல்லியதாக மீண்டும் எட்டிப் பார்த்தது. வெடித்தவுடன் சிமென்ட் குழம்பைப் பூசி மறைப்பவர்கள் அடுத்த ஆண்டும் அதே செலவைச் செய்வார்கள் என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

வயரிங் வேலையில் இந்தக் கல்லின் நற்குணமே அதற்கு எதிரியாகிவிடுகிறது. அறுப்பதற்கு அவ்வளவு இலகுவாக இருப்பதால், எலெக்ட்ரீஷியன் உளியும் சுத்தியலும் கொண்டு நினைத்த பக்கமெல்லாம் காடி எடுத்துவிடுவார். சுவர் கட்டி ஒரு வாரமாவது ஆன பிறகு, கட்டிங் மிஷினால் இரண்டு கோடு போட்டு நடுவில் உள்ளதை மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும். 4 அங்குலத் தடுப்புச் சுவரில் கிடைமட்டக் காடியை அறவே தவிர்ப்பது நல்லது. ஆணி விஷயத்திலும் மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். காலண்டர் மாட்டும் ஆணி நிற்கும். திரைச்சீலைக் கம்பிக்குச் சாதாரண பிளக் வைத்து முடுக்கியபோது, மகள் ஒரு முறை வேகமாக இழுத்ததும் திருகு, பிளக், கைப்பிடிச் சாம்பல் எல்லாம் சேர்ந்து வெளியே வந்தன. இந்தக் கல்லுக்கென்றே விற்கும் நீள நைலான் பிளக்குகள் நன்றாகப் பிடிக்கின்றன. கீசர், சமையலறை மேலலமாரி, இரும்புக் கதவு போன்ற பாரமான பொருள்கள் எங்கே வரும் என்பதைக் கட்டும்போதே முடிவுசெய்து, அந்த இடத்தில் ஏஏசிக்குப் பதில் ஒரு காங்கிரீட் கட்டையை வைத்துவிட்டால் பிறகு ரசாயனப் பசை ஆங்கர் தேடி அலைய வேண்டியதில்லை. வாசற்கால் பிடிக்கும் இரும்புப் பட்டைகளுக்கும் இதே வழிதான்.

தண்ணீரை இந்தக் கல் மெதுவாகக் குடிக்கும், மெதுவாகத்தான் விடவும் செய்யும். குளியலறையில் தரைமட்டத்துக்கு மேல் அரையடிக்குக் காங்கிரீட் மேடை போட்டு, அதன்மேல் கல்லை ஏற்றி, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தரையிலும் சுவரிலும் நீர்க்காப்புப் பூச்சை இரண்டு கை அடித்திருந்ததால் அங்கே சிக்கல் எழவில்லை. வெளிச்சுவரில்தான் பாடம் படித்தோம்: மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் தலைப்பைச் சரிவாகப் பூசாமல் ஒரு மாதம் விட்டுவைத்ததில், மழைநீர் மேலிருந்து உள்ளிறங்கி, பெயிண்ட் குமிழ் குமிழாக எழும்பியது. தரைக்குக் கீழும் எப்போதும் ஈரம் படும் இடத்திலும் இதைப் பயன்படுத்தவே கூடாது. மறுபக்கம், ஒட்டுக்கலவையில் கட்டிய சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. லாரித் தண்ணீர் வாங்கி வீடு கட்டும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குளிர்ச்சியைப் பற்றி விற்பனையாளர்கள் சொல்வதில் பாதியை ஏற்கலாம். இதன் வெப்பக் கடத்துத்திறன் 0.24 என்ற அளவிலும், செங்கல்லுக்கு அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கும் இருப்பதால், மாலையில் மேற்குச் சுவரை உள்ளிருந்து தொட்டால் கீழ்வீட்டுச் செங்கல் சுவரைப்போல் சுடுவதில்லை. ஆனால் மாடி வீட்டில் வெயில் பெரும்பாலும் தளத்தின் வழியாகத்தான் இறங்குகிறது; மேலே வெள்ளை ஓடு பதித்த பிறகே இரவில் நிம்மதியாகத் தூங்க முடிந்தது. சத்தத்திலோ இந்தக் கல் செங்கல்லிடம் தோற்றுவிடுகிறது. எடை குறைந்த சுவர் ஒலியைத் தடுப்பதும் குறைவு. 4 அங்குலத் தடுப்புக்கு அப்பால் ஓடும் தொலைக்காட்சித் தொடரின் வசனம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. படுக்கையறைக்கு இடையில் 6 அங்குலமாவது போட்டிருக்க வேண்டும்.

செலவைச் சதுர அடிச் சுவருக்கு ஒப்பிட வேண்டுமே தவிர, கல்லுக்குக் கல் ஒப்பிடக் கூடாது. நான் வாங்கியபோது 8 அங்குலக் கல் ஒன்று, இறக்குக்கூலி நீங்கலாக, 84 ரூபாய். சேம்பர் செங்கல் 10 ரூபாய். 100 சதுர அடிச் சுவருக்குக் கல் 78 வேண்டும், அதாவது 6,552 ரூபாய். 9 அங்குலச் சுவருக்குச் செங்கல் ஏறக்குறைய 1,050 வேண்டும், அதாவது 10,500 ரூபாய், அதற்குமேல் மணலும் சிமென்டும். இந்த வித்தியாசத்தைப் பார்த்து மகிழ்ந்தபின், பெல்ட் காங்கிரீட், வலை, ஒட்டுக்கலவை, நைலான் பிளக், இறக்கும்போது நூற்றுக்கு நாலைந்து உடைந்த கல் ஆகியவற்றைக் கூட்டினால், மிச்சத்தில் பாதிக்குமேல் கரைந்துவிடுகிறது. உண்மையான லாபம் நாள்கணக்கில் கிடைத்தது. பெரிய கல் என்பதால் சுவர் எழும்பும் வேகம் செங்கல்லைவிடத் தெளிவாகக் கூடுதல்.

ஒப்பந்தக்காரர்களிடம் சதுர அடி விலைக்கு வேலையை விடுபவர்கள், ‘ஏஏசி சுவர்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்திடாமல், ஒட்டுக்கலவையா சிமென்ட் கலவையா, பெல்ட் எத்தனை மட்டத்தில், வலை எங்கெங்கே, பூச்சுக்கு முன் எத்தனை நாள் இடைவெளி என்பவற்றையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட வேண்டும். பிறகு கேட்டால் இவை ஒவ்வொன்றும் ‘எக்ஸ்ட்ரா’ என்ற கணக்கில் வரும். வேலை ஏற்பவர்களுக்கும் இது பாதுகாப்பு, ஏனெனில் வெடிப்பு வந்தால் கல்லைப் பழிப்பதா கையைப் பழிப்பதா என்ற வழக்கு கடைசியில் அவர்கள் வாசலில்தான் வந்து நிற்கிறது. நான் மறுபடி கட்டினாலும் மாடிச் சுவருக்கு இதே கல்லைத்தான் வாங்குவேன். சுற்றுச்சுவருக்குச் சாலிட் பிளாக் எனும் துளையில்லாத காங்கிரீட் கல்லையும், தரைமட்டத்துக்குக் கீழே கருங்கல்லையும் செங்கல்லையும் விட்டு நகர மாட்டேன்.

எங்கள் மேஸ்திரி இப்போது பல் வைத்த கரண்டியையும் ரப்பர் சுத்தியையும் சொந்தமாகவே வாங்கி வைத்திருக்கிறார். ஏஏசி வேலை என்றால் சதுர அடிக்கு 3 ரூபாய் கூடக் கேட்கிறார். அந்த மூன்று ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.